விளம்பரத்துக்காகத் தோற்றவள்

சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் துளை தைக்கும் காஜா இயந்திரம் அவளுடையது. அதனால் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. தையலில் ஒரு நூல் பிசகாது. போனில் பழம் சேர்க்கும் விளையாட்டில் மட்டும் படுமோசம்.

சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் எல்லோரும் அந்த இலவச விளையாட்டைத்தான் ஆடுவார்கள். தோற்றால் விளம்பரம் வரும். அது முடிந்தால்தான் அடுத்த ஆட்டம். மற்றவர்கள் போனைக் கவிழ்த்துவிட்டுக் கை கழுவப் போவார்கள். காஜாக்கா மட்டும் போனை முகத்தருகே பிடித்து, காது கொடுத்து, கண் கொட்டாமல் பார்ப்பாள்.

"தோத்துட்டு இப்படிச் சிரிக்கிற ஆள நான் பார்த்ததே இல்ல," என்பாள் பக்கத்தில் காலர் தைப்பவள்.

அந்த விளம்பரங்களில் ஒன்று செருப்புக்கானது. ஒரு பெண் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அவள் காஜாக்காவின் மகள். கல்லூரித் தோழியோடு விளையாட்டாகப் போய் நடித்தது. அது வெளிவருவதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் புகைப்படங்கள் இருந்தன, குரல் இல்லை. மகளின் போனைத் திறக்கும் எண் மகளுக்கு மட்டுமே தெரியும்.

இதைக் காஜாக்கா இங்கே யாரிடமும் சொல்லவில்லை. தன்னைப் பார்த்து யாரும் பாவப்படாத இடமாக வேண்டும் என்றுதான் பழைய வேலையை விட்டு வந்திருந்தாள்.

ஒருநாள் விளையாட்டே, ஆடுகிற எல்லோரிடமும் ஓட்டுக் கேட்டது: விளம்பரம் இருக்கலாமா, வேண்டாமா?

"சும்மா தர்றான். அவனும் பொழைக்க வேணாமா?" என்றாள் ஒருத்தி.

"பொழைக்கட்டும். என் உயிர எதுக்கு வாங்கறான்?" என்றாள் காலர்காரி.

"இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் காஜாக்கா.

"நீங்க ஒரு ஆளு!" காலர்காரி அவள் போனைப் பிடுங்கி, சிரித்துக்கொண்டே 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டாள்.

சில வாரங்களில் விளம்பரம் நின்றது. சாப்பாட்டு அறையில் ஒரே கைத்தட்டல். காஜாக்கா வேண்டுமென்றே தோற்றாள். உடனே புது ஆட்டம் வந்தது. மறுபடியும் தோற்றாள். மறுபடியும் பழங்களே கொட்டின.

"என் பொண்ணு எங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் காலர்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத அப்படியே பதிவு பண்ணிக் குடுத்திருப்பேனேக்கா!"

"அப்படிப் பண்ண முடியுமா?" என்றாள் காஜாக்கா.

இருவரும் அந்த விளம்பரத்தில் வந்த செருப்புக் கடைக்குப் போனார்கள். அது பழைய விளம்பரம், தங்களிடம் இல்லை, எடுத்துக் கொடுத்தவர்கள் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள் என்றார் கடைக்காரர். கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் காலர்காரி அழுதாள். "நான் அழுத்தினதாலதானேக்கா?"

"அடி போடி. ஊரே வேணாம்னுச்சு. உன் ஒரு விரலா நிறுத்திடுச்சு?"

காலர்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அதுல உங்க பொண்ணு என்னக்கா சொல்லும்?"

"'வாம்மா, போலாம்'னு..." காஜாக்கா நிறுத்திவிட்டு, மகளைப் போலவே சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தாள்.

"இல்லடி," என்றாள். "இப்படி இருக்காது. எனக்கு வரல."