யூதாசின் கால்கள்

வட்டுக்கோட்டைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நான். ஆனாலும் குருநகரில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் பாதங்களைப் பற்றி யோசிக்கும் வேலை வந்தது. நான் வளர்ந்த புரட்டஸ்தாந்து சபையில் பாதம் கழுவும் சடங்கு கிடையாது. இங்கே பெரிய வியாழன் பின்னேரம் பங்கு ஆண்கள் பன்னிரண்டு பேரைக் கத்தோலிக்கக் கோயிலில் கதிரை போட்டு இருத்தி, ஆண்டவர் தம் சீஷர்களுக்குச் செய்ததுபோலச் சுவாமியார் அவர்களின் பாதங்களைக் கழுவித் துடைப்பார்.

அதில் எனக்குப் பிடிபடாதது ஒன்றுண்டு. அன்று மத்தியானம் அந்தப் பன்னிரண்டு பேரும் கிணற்றடியில் தேங்காய்த் தும்பும் சவர்க்காரமுமாய்க் கால் தேய்ப்பார்கள். கழுவக் கொடுக்கப்போகிற காலை எதற்கு முதலே கழுவுவது? சுவாமியாருக்கு அருவருப்பாய் இருக்கக்கூடாதாம்.

என் கணவர் கடற்றொழிலாளி. நல்ல குரல். தவக்காலத்தில் எங்கள் பங்கு போடும் பாடுகளின் நாடகத்தில், ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எப்போதும் அவர்தான். சந்தையில் “யூதாஸ் அண்ணை” என்று கூப்பிட்டால் சிரிப்பார். முத்தம் கேட்டால் யோசித்துத்தான் கொடுக்கவேண்டும் என்று நானும் பகிடி விடுவேன்.

இந்த வருடம் பன்னிருவரில் ஒருவராய் வரச்சொல்லிச் சுவாமியார் கேட்டனுப்பினார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். உப்புத் தண்ணீரில் வெடித்த குதிக்காலைக் காட்ட வெட்கமாக்கும் என்று நினைத்து, நான் தும்பை எடுத்து வைத்தேன். தொடவே இல்லை. சாப்பாட்டிலும் மனமில்லை. எனக்கோ காரணம் தெரியாவிட்டால் நித்திரை வராது. நோண்டி நோண்டிக் கேட்டபிறகு, வலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“சனம் சிரிக்கும். அது பரவாயில்லை. வருசா வருசம் அந்த ஆளாய் நிண்டு எனக்கே என்னிலை ஒரு ஐமிச்சம், ஒரு சந்தேகம் வந்திட்டுது. ஆண்டவர் இந்தக் காலைத் தொட்டிருப்பாரோ?”

வியப்பு என்னவென்றால், அத்தனை வசனம் படித்த எனக்கும் அது தெரியவில்லை. பாதம் கழுவும்போது யூதாஸ் அங்கே இருந்தானா, போய்விட்டானா? நாடகத்தில் அந்தக் காட்சிக்கு முன்பே இவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த காட்சிக்கு உடுப்பு மாற்றவேண்டுமே. மற்றவர்களுக்குக் கழுவும்போது இவர் திரைக்குப் பின்னால் நிற்பார். வேதமும் அப்படித்தான் என்று ஊரே நம்பியிருந்தது.

வேதப்புத்தகத்தை எடுத்து யோவானை விரல் வைத்து வாசித்தேன். ஆண்டவர் எழும்பித் துண்டைக் கட்டுகிறார். சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். பேதுரு வேண்டாம் என்று நிற்கிறான். எல்லாம் முடிந்து திரும்பப் பந்தியில் இருந்தபிறகுதான், அப்பத் துணிக்கையை வாங்கிக்கொண்டு யூதாஸ் வெளியே போகிறான்.

“இஞ்சாருங்கோ, கழுவேக்கை அவனும் இருந்தவன்” என்றேன்.

“திரும்ப வாசியும்.”

வாசித்தேன்.

“அவன் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டோ கழுவினவர்?”

“ஓம். தெரிஞ்சுகொண்டுதான்.”

அடுத்தநாள் தானும் வருவதாகச் சுவாமியாருக்குச் சொல்லியனுப்பினார். வியாழன் பின்னேரம் கரையிலிருந்து வந்தவர், சேர்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வெளிக்கிட்டார். தும்பும் சவர்க்காரமும் கிணற்றுக் கட்டில் கிடந்தபடியே கிடந்தன. குதிக்கால் வெடிப்பில் மணலும் ஒரு மீன் செதிலும் ஒட்டியிருந்தன. காலைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னேன்.

படலையைத் திறந்தபடி சொன்னார்: “கிடக்கட்டும். அவர் கழுவட்டும்.”