சேர் வெறுமையாய் விட்ட கட்டங்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், யாழ்ப்பாணத்தில் ஒரு கணித விரிவுரையாளரிடம் தற்காலிகத் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். அவரை எல்லாரையும்போல 'சேர்' என்றே கூப்பிட்டேன். ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பேன். ஒரு வரியும் விளங்காது.

"விளங்கத் தேவையில்லை, பிள்ளை" என்றார் சேர். "எதை எத்தினை விதமாய் அடுக்கலாம், எதை அடுக்கேலாது, அவ்வளவுதான் என்ரை வேலை. கட்டங்களைக் கவனமாய் அடியுங்கோ."

ஒன்பது நிரை, ஒன்பது நிரல், ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்கள். ஒரே இலக்கம் ஒரு நிரையிலோ நிரலிலோ இரண்டு முறை வரக்கூடாது. அவ்வளவு எனக்கும் புரிந்தது. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பவிருந்த கட்டுரையின் கடைசிக் கட்டத்தில் பாதி வெறுமை. சேர் மறந்துவிட்டார்! கேட்கப் பயம். கேட்காமல் அனுப்பினால் பழி என்மேல் விழும், வேலை போகும். மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பென்சிலும் அழிரப்பருமாக இருந்து நிரப்பி, அப்படியே அடித்தும் விட்டேன்.

கட்டுரையைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வெளிநாட்டுத் தபாலில் சேர்க்க, சேரின் நண்பர் வாசலில் சைக்கிளோடு நின்றார்.

"ஐசே, பஸ் போகப்போகுது. கெதியாய்த் தாரும்!"

சேர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"ஆர் இதை நிரப்பினது?"

"நான்தான் சேர். நீங்கள் மறந்துபோனியள் எண்டு மூண்டு மத்தியானம் இருந்து..."

"மறக்கேல்லை, பிள்ளை! இதை ஒருத்தராலும் நிரப்பேலாது எண்டுதானே இருபது பக்கம் எழுதியிருக்கிறன்!"

அவர் விரலை வைத்து நிரை நிரையாக எண்ணினார். பிறகு நிரல் நிரலாக. எந்த இலக்கமும் திரும்ப வரவில்லை. அப்படியே தரையில் குந்தி, கண்ணீர் வரச் சிரித்தார்.

"நாலு வருசமாய் ஏலாது எண்டு நிறுவினன். இவ மூண்டு மத்தியானத்திலை முடிச்சுப்போட்டா!"

"அப்ப நாலு வருசமும் போச்சே?" என்றார் நண்பர்.

"போகேல்லை ஐசே! ஏலும் எண்டால் அது இன்னும் பெரிய விசயமெல்லே! நீர் போம், கொண்டுபோக ஒண்டுமில்லை!"

நண்பர் தலையில் கையை வைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். சேர் கரும்பலகைக்கு ஓடினார்.

"சேர், நாளைக்கு நான் வரலாமோ?"

"வராமல்? முழுக்கத் திரும்ப அடிக்கோணும். ஏலாது எண்டு 'கேனொட்' போட்ட இடமெல்லாம் இனி 'கேன்'!"

சேரின் நிறுவலில் பிழை பதினோராம் பக்கத்தில் இருந்தது. என் வேலையும் அதோடு நிரந்தரமானது.

இப்போது தட்டெழுத வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வெறுமையான கட்டத்தைக் கண்டால், கேட்காமல் அடிக்காதீர்கள். முதலில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். பிறகு கேளுங்கள்.