இருபத்தேழாம் நம்பர் வீடு

லோகேஸ்வரி புக்கிட் செலம்பாவ் பக்கத்து கிளென்மோர் தோட்டத்து லயத்துக்குக் குடிவந்த அன்று அடுப்பு மூட்டவில்லை, பால் காய்ச்சவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, கதவுக்கு மேல் அடித்திருந்த நம்பர் தகட்டைத்தான் முதலில் நெம்பி எடுத்தாள். எடுத்ததைக் குப்பையில் வீசினாள். வீட்டு நம்பர் என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான்: புருஷன் வந்து சேருகிற வழி.

புருஷன் பெயர் புவனேசன். பண்டார் பாருவில் லோரி ஓட்டுகிறவன். வெளியில் பார்த்தால் தங்கமான மனுஷன் என்பார்கள். கல்யாண வீட்டில் கூப்பிடாமலே பந்தி பரிமாறுவான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் கைக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்து அடிப்பான். ஹெல்மெட்டால் அடித்து அவள் தோள்பட்டை எலும்பை முறித்தான். வயிற்றில் விட்ட ஒரு உதையில் நாலு மாதக் கரு போயிற்று. அன்றைக்குத்தான் அவள் அடையாள அட்டையை, அந்த ஐசியை, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கூலிமுக்குப் பஸ் ஏறினாள்.

கூலிமில் கணினிச் சிப்பு செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெண்கள் விடுதியில் தங்கினாள். ஐந்து மாதம் நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு நாள் கிளினிக்கிலிருந்து அவளுக்கு வரவேண்டிய கடிதம், ஐசியில் இருந்த பழைய விலாசத்துக்கே போய்விட்டது. கடிதத்தின் மூலையில் அவள் கிளினிக்கில் சொல்லியிருந்த விடுதியின் பெயரும் அறை நம்பரும் பளிச்சென்று அச்சாகியிருந்தன. புவனேசன் வந்தான். கதவிடுக்கில் அவள் இடது கையை வைத்துக் கதவை உதைத்துச் சாத்தினான். இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. போலீசில் புகார் கொடுத்தாள். அவனை உள்ளே வைத்தார்கள், பிறகு வெளியே விட்டார்கள். அதற்குள் அவள் இங்கே வந்துவிட்டாள்.

லயம் என்றால் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, வரிசைக்கு இருபது வீடு. ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் துரைமார் போட்ட நம்பர் கோயில் பக்கமிருந்து வரிசை வரிசையாகத் தொடங்கும். பால்மரத்தை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்ட பிறகு நகராட்சி மஜ்லிஸ்காரர்கள் வந்து, ரோட்டுப் பக்கமிருந்து எண்ணி, ஒற்றைப்படையை ஒரு வரிசைக்கும் இரட்டைப்படையை மறு வரிசைக்கும் கொடுத்துத் தகடு அடித்துவிட்டுப் போனார்கள். அதில் லோகேஸ்வரி வீடு இருபத்தேழு. நேர் எதிரே இருக்கும் ராக்காயி வீடு இருபத்தெட்டு. ஆனால் பழைய கணக்கில் ராக்காயி வீடுதான் இருபத்தேழு.

ராக்காயி விடுவாளா? ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. செம்பனைப் பழம் பொறுக்கிப் பொறுக்கி இறுகிப்போன கை. வாயைத் திறந்தால் கோயில்வரை கேட்கும். மஜ்லிஸ் தகட்டைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு, பழைய தகரத்தில் சிவப்புச் சாயத்தால் 27 என்று முழ அளவுக்கு எழுதிக் கதவில் மாட்டினாள்.

“எங்கப்பா செத்தது இருவத்தேழுல. நான் பொறந்தது இருவத்தேழுல. எவனோ வந்து மாத்துனா மாறிருமா? நான் என்ன காடியா, நம்பர் பிளேட்ட மாத்தறதுக்கு?” என்று போஸ்ட்மேனிடமே சண்டை பிடித்தாள்.

பாவம் அந்த மலாய்க்காரப் பையன். இருபத்தேழுக்கு வரும் எதையும் லயத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே இருபத்தேழில் போட்டுவிட்டுப் போவான். லோகேஸ்வரி வீட்டுக் கரண்டு பில்லும் அங்கேதான் விழும். ராக்காயி அதை எடுத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்று கத்துவாள்.

“ஏ பிள்ள! உன் வூட்டுக்கு ஒரு நம்பர மாட்டிக்கிட்டா என்னா? உன் சுராட்டுக்கெல்லாம் நான் என்ன சம்பளமில்லாத போஸ்ட்மேனா?”

லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போவாள். ஒரு தடவை ராக்காயி பில்லைச் சாக்கடையிலேயே எறிந்தாள். அதையும் துடைத்து எடுத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. தன் பெயரில் எதுவும் தன் வாசலைத் தேடி வராமல் இருந்தால் போதும்.

இப்படியே மூன்று வருடம். வேறொரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு, கம்பெனி பஸ், பகலில் தூக்கம். கதவுக்கு உட்பக்கம் முட்டுக்கொடுக்க ஓர் இரும்புக் கம்பி. அக்கம்பக்கத்தில் யாரோடும் ஒட்டு உறவு இல்லை. தன்னை மூன்று வருடம் உயிரோடு வைத்திருந்த மாரியம்மனுக்கு மட்டும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆடித் திருவிழாவின் இரண்டாம் நாள் பொங்கலைத் தன் உபயமாக எழுதச் சொல்லிக் கோயில் செயலாளர் சத்தியசீலனிடம் போனாள்.

“பேரு மட்டும் போதும்ணே. வேற ஒண்ணும் போடாதீங்க,” என்று இரண்டு முறை சொன்னாள்.

சத்தியசீலன் நல்லவர்தான். நல்லவர்கள் செய்கிற கெடுதலுக்கு அளவே கிடையாது. முந்தின வருடம் லயத்து முனையில் இருக்கும் இன்னொரு லோகேஸ்வரியின் உபயத்தை இவளுடையது என்று ஊரார் பேச, அந்தம்மா கோயிலுக்குள்ளேயே செருப்பைத் தூக்கிவிட்டாள். இந்த வருடம் அந்த வம்பே வேண்டாம் என்று, திருவிழா நோட்டீசில் உபயக்காரர் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் மஜ்லிஸ் பட்டியலைப் பார்த்து வீட்டு நம்பரைச் சேர்த்தார். இவளிடம் கொடுத்த வாக்கு நினைவிலேயே இல்லை. ‘திருமதி பு. லோகேஸ்வரி, எண் 27, கிளென்மோர் தோட்டம், புக்கிட் செலம்பாவ்.’ வண்ணத்தில் அச்சடித்து வாட்சப்பிலும் அனுப்பினார். அது கோயில் குழுவிலிருந்து சொந்தக்காரர் குழுவுக்கும், அங்கிருந்து எங்கெங்கோவும் போயிற்று.

காலையில் கம்பெனி பஸ்ஸில் வரும்போதுதான் லோகேஸ்வரி அதைப் பார்த்தாள். உடனே சத்தியசீலனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அத அழிச்சிருங்கண்ணே. உங்க கால்ல விழறேன்.”

“என்னம்மா இது, நல்ல காரியம் பண்ணிட்டு பயப்படற? சரி சரி, நம்ம குரூப்ல எடுத்துடறேன்லா. மத்த குரூப்புக்கெல்லாம் நான் எங்க போறது?”

அன்றைக்கே பையைக் கட்டினாள். தொழிற்சாலைத் தோழி ஒருத்தி வியாழக்கிழமை தன் அறைக்கு வந்துவிடச் சொல்லியிருந்தாள். புவனேசன் புதன்கிழமையே வந்துவிட்டான்.

மணி பத்து இருக்கும். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட நேரம். மோட்டோ ஒன்று லயத்துக்குள் மெதுவாக, வீடு வீடாக நின்று நின்று வந்தது. அந்தச் சத்தம் கேட்டே லோகேஸ்வரிக்கு விழிப்புத் தட்டியது. சன்னல் துணியை ஒரு விரல் விலக்கிப் பார்த்தாள். புவனேசன் அவள் வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர் வீட்டுக் கதவில் தொங்கிய சிவப்பு 27-ஐ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“லோகேஸ்வரியக் கூப்பிடு,” என்றான்.

ராக்காயி கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். “இது என் வூடு. நீ யாரு?”

“நோட்டீசுல போட்டிருக்கு. இருவத்தேழு. எங்க ஒளிச்சு வச்சிருக்க அவள?”

“இங்க நான் மட்டும்தான். போயிரு.”

அவன் அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு உள்ளே போனான். பாத்திரங்கள் உருண்டன. அலமாரி கவிழ்ந்தது. வெளியே வந்தபோது அவன் முகம் லோகேஸ்வரிக்கு நன்றாகத் தெரிந்த முகமாக இருந்தது. ராக்காயியின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, ஹெல்மெட்டை ஓங்கி முகத்தில் இறக்கினான்.

“எங்கடி அவ?”

“தெரியாது.”

மறுபடி அடித்தான். ராக்காயி அவன் கையைக் கடித்தாள். கடித்த வாயிலேயே அடித்தான். பல் ஒன்று சிமெண்டுத் தரையில் தெறித்தது. அவள் முழங்காலில் விழுந்தாள். இப்போது அவள் முகம் லோகேஸ்வரி வீட்டைப் பார்த்து இருந்தது.

லோகேஸ்வரி கதவுக்குப் பின்னால் நின்றாள். இரும்புக் கம்பி கையில்தான் இருந்தது. தாழ்ப்பாளுக்குக் கை போகவில்லை. கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. ‘அங்கே இல்லை என்று தெரிந்தால் போய்விடுவான்’ என்று மனது சொன்னது. சொல்வது தன் மனதுதான் என்று தெரிந்தும் அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நின்றாள். நாலு வீடு தள்ளி யாரோ கதவைச் சாத்தித் தாழிடும் சத்தம் கேட்டது.

ராக்காயி முதலில் அலறினாள், பிறகு திட்டினாள், பிறகு முனகினாள். பிறகு சத்தமே இல்லை. ஹெல்மெட்டால் அடிக்கும் சத்தம் மட்டும் இன்னும் ஒரு முறை கேட்டது.

அந்த அமைதியைத்தான் லோகேஸ்வரியால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து ஓடினாள். அவன் திரும்புவதற்குள் கம்பியை அவன் முழங்காலுக்குப் பின்னால் வீசினாள். சரிந்தான். அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். “வந்துட்டியா? நில்லு, உன்ன...” அதற்குமேல் பேசவிடவில்லை. தாடையில் ஒன்று. ஊன்றிய கையில் ஒன்று. எலும்பு முறிந்த சத்தம் அவள் காதில் விழுந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தோள்பட்டையில் அடித்தாள். அவனோடு வாழ்ந்த ஆறு வருடத்துக்கும் கருவிலேயே போன அந்த நாலு மாதத்துக்குமாகச் சேர்த்து அடித்தாள். அவன் கும்பிட்டான். கும்பிட்ட கையிலும் அடித்தாள்.

செம்பனை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர் டிரைவர் பரஞ்சோதி, வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். “போதும்மா, செத்துருவான்! விடும்மா!” அவள் விடவில்லை. கம்பியைப் பிடுங்க அவருக்கு இரண்டு பேர் துணை வேண்டியிருந்தது.

புவனேசன் சாகவில்லை. கால், தாடை, கை என்று மூன்று இடத்தில் கட்டுப்போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு மாட்டி வைத்தார்கள். லோகேஸ்வரியை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்து எழுதிக்கொண்டு, ஜாமீனில் விட்டார்கள். அவளுக்கு அதைப் பற்றியெல்லாம் பயமே வரவில்லை. பயம் முழுவதும் ராக்காயியைப் போய்ப் பார்ப்பதில்தான் இருந்தது.

நாலாம் நாள் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராக்காயிக்கு இடது கண் போய்விட்டது. பாதி முகம் பஞ்சுக் கட்டுக்குள் இருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உள்ளதான் இருந்தேன். மொத அடியிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வரல.”

“தெரியும். உன் சன்னல் துணி ஆடுச்சு.”

“பின்ன ஏன்கா என் வீட்டப் பாத்து கைய காட்டல? காட்டியிருந்தா விட்டிருப்பான்ல?”

ராக்காயி வார்த்தை வார்த்தையாகப் பேசினாள். பேசினால் தையல் இழுத்தது.

“மொதல்ல திமிருதான். என் வாசல்ல வந்து எவன்டா என்ன கேக்கறதுன்னு. அப்பறம் அவன் அடிச்ச அடியிலதான் புரிஞ்சது, நீ ஏன் இங்க வந்து கெடக்கறேன்னு. சொல்லக் கூடாதுன்னு பல்ல கடிச்சேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன் பிள்ள. இன்னொரு அடி விழுந்திருந்தா உன் வூட்ட காட்டிருப்பேன். கைய தூக்கிட்டேன். அதுக்குள்ள மயக்கம் வந்துருச்சு.”

லோகேஸ்வரி தலையாட்டினாள். அழுகை வரவில்லை.

“நான் மயக்கமாகாம கத்திக்கிட்டே இருந்திருந்தா, நீ வந்திருப்பியா?” என்று ராக்காயி கேட்டாள்.

லோகேஸ்வரி யோசித்தாள். பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

“தெரியலக்கா.”

ராக்காயி மிஞ்சியிருந்த ஒரு கண்ணால் அவளையே பார்த்தாள். பிடித்திருந்த கையை இருவரும் எடுக்கவில்லை.