சின்னக் கோப்பையின் கடைசிப் பெயர்

இறுதி ஆட்டத்தில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், ஆட்டத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் என் வேலை என்பாள் படபடக்கா. மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, மணல் திணித்த தோல் பை, அதன்மேல் தூங்குகிற குழந்தையைப் போலச் சாய்த்து வைத்த வெள்ளிக் கோப்பை. கடைசி விசில் ஊதியதும் வென்ற அணியின் பெயரைக் கோப்பையின் அடிப்பட்டையில் வெட்ட வேண்டும். அணித்தலைவர் மேடையேறும்போது பெயர் தயாராக இருக்க வேண்டும். கைகுலுக்கலும் கட்டிப்பிடித்தலும் அழுகையும் முடிகிற நேரம்தான் அவளுக்குக் கிடைக்கிற நேரம்.

படபடக்கா என்பது கேடயக் கடையில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவள். தொலைபேசி அடித்தாலே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டுகிறவள். அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். "உன்ன வண்டில ஏத்திட்டா நான் பிரேக்கே போட வேணாம், நீயே உக்காந்த எடத்துல இருந்து காலால அமுக்கிட்டு வருவ" என்பான். ஆனால் உளியைப் பிடித்துவிட்டால் அவள் கை தண்ணீர் மாதிரி ஓடும். அவள் மனதுக்கும் கைக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

கடையில் அவள் வெட்டியதெல்லாம் பள்ளிக்கூடக் கேடயங்கள், மருத்துவர்களின் கதவுப் பலகைகள், நாய்களின் கழுத்துப்பட்டைத் தகடுகள். கோப்பைக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்த மனிதர் மகளோடு வேறு நாட்டுக்குக் குடிபோனபோது, கால்பந்துக் கழகத்தின் செயலாளர் போர்வையில் சுற்றிய கோப்பையோடு கடைக்கு வந்தார். "அவசரத்துல நடுங்காம வெட்டுற ஆள் யாராவது இருக்காங்களா?" என்றார். முதலாளி அவளைக் காட்டினார். "ஆளு நடுங்கும் சார். கை நடுங்காது."

கண்டத்தின் ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் மோதுகிற போட்டி அது. லீக் பட்டம் வென்ற அணிகளுக்கு வேறொரு கோப்பை இருந்தது. அது பெரிய கோப்பை. எனவே இது சின்னக் கோப்பை ஆயிற்று. அதன் சரித்திரம் முழுவதும் அந்த அடிப்பட்டையில் இருந்தது. தொடக்க காலத்தில் இறுதி ஆட்டம் இரண்டு முறை, இவர்கள் ஊரில் ஒன்றும் அவர்கள் ஊரில் ஒன்றுமாக நடந்தது. அதனால் முதல் சில வரிகளில் இரண்டு தேதிகள். மழையில் பந்து மிதந்ததால் மறுபடி ஆடிய ஒரு வருடம், தேதியைச் சுரண்டிவிட்டு வெட்டியிருந்தார்கள். தடவினால் அந்த இடம் சற்றுக் குழிந்திருக்கும். நாணயம் சுண்டி வென்ற ஓர் அணியின் பெயரும் உண்டு. அந்த வருடத்தை அதன் ரசிகர்கள்கூடச் சத்தமாகச் சொல்வதில்லை.

இன்னொன்றும் அந்தப் பட்டையில் இருந்தது. ஒரு பெயரும் அடுத்தடுத்து இரண்டு முறை வந்ததே இல்லை. கோப்பையை வைத்திருக்கிற அணி மறுவருடமும் இறுதி ஆட்டம் வரைக்கும் எத்தனையோ முறை வந்திருக்கிறது. வந்த ஒவ்வொரு முறையும் தோற்றுப் போயிருக்கிறது.

இப்போது பெரிய கோப்பை தன் வாசலை அகலத் திறந்து எல்லா அணிகளையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சின்னக் கோப்பைக்கு இதுவே கடைசி வருடம். வெல்கிற அணி கோப்பையை ஒரேயடியாக எடுத்துக்கொண்டு போய்விடும். ஆட்டம் படபடக்காவின் சொந்த ஊரிலேயே. போன வருடம் வென்ற துறைமுக அணியும், பிறந்ததிலிருந்து உள்நாட்டுக் கோப்பை ஒன்றைத் தவிர வேறெதையும் தொடாத ரயில்வே அணியும் மோதின.

"பெரிய கோப்பை ஆபீஸ்ல பேர் வெட்ட ஆள் தேடுறாங்கம்மா" என்றார் செயலாளர். "அந்த ஆபீஸ் மேடம் ஆட்டத்துக்கு வர்றாங்க. கடைசியில உங்க ரூமுக்கும் வருவாங்க. கோப்பை லேட்டாகக் கூடாது. அது ஒண்ணுதான் அவங்க பார்ப்பாங்க."

அந்த வேலை இல்லையென்றால் நாய்த் தகடுதான். அவளுக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், சொன்னால் கைநழுவிப் போய்விடும் என்று கணவனிடம்கூட ஆட்ட நாள் காலையில்தான் சொன்னாள்.

"கிடைக்கலன்னா என்ன, தலையா போயிடும்?" என்றான் அவன்.

"வாய வச்சிட்டு சும்மா இருங்க."

"சரி, கிடைச்சா?"

"அதையும் சொல்லாதீங்க!"

ஆட்டம் மதியம் தொடங்கியது. அவளுக்குக் கூரைதான் செய்தி வாசிப்பவர். கூட்டம் எழுந்தால் கூரை முனகும். கோல் விழுந்தால் விளக்கு ஆடும். முதல் பாதியில் ஒருமுறை ஆடியது. இரண்டாம் பாதியில் இன்னொருமுறை. செயலாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"துறைமுகம் ரெண்டு, ரயில்வே சைபர். முடியப் போவுது. ஆரம்பிச்சிடுங்க."

"விசில் ஊதட்டும் சார்."

"ரயில்வேகாரங்க பாதிப் பேர் நொண்டிட்டு இருக்காங்கம்மா. விசில் ஊதினதும் மேடம் இறங்கி வந்துடுவாங்க. உங்க இஷ்டம்."

கதவு மூடியது. அவள் உளியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். போன வருடம் வெட்டிய அதே பெயர். கைக்குப் பழகிய வளைவுகள். விசில் ஊதும்போதே பெயர் முடிந்திருந்தால் அந்த மேடம் என்ன நினைப்பார்! அடுத்தடுத்து ஒரே பெயர் வந்ததில்லை என்று மனது முணுமுணுத்தது. கை அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அழகாக, சீராக, துறைமுக அணியின் பெயரை முழுதாக வெட்டி முடித்து, வெள்ளித் துகளை ஊதித் தள்ளினாள்.

விளக்கு ஆடியது.

மூன்றாவது கோல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்தச் சத்தம் ரயில்வே ரசிகர்கள் உட்கார்ந்த எதிர்ப்பக்கத்துப் படிகளிலிருந்து வந்தது. உட்கார முடியாமல் எழுந்து நின்றாள். விளக்கு அடங்குவதற்குள் மறுபடி ஆடியது, இந்த முறை அணைந்துவிடும் போல. வாசலில் நின்ற காவலாளி, "ரெண்டுக்கு ரெண்டு! கூடுதல் நேரம்!" என்று யாரிடமோ கத்தினான்.

சுரண்டியைக் கையில் எடுத்தாள். சுரண்டினால், அதன்பிறகு துறைமுகமே வென்றுவிட்டால்? சுரண்டாமல் விட்டால், ரயில்வே வென்றுவிட்டால்? வெள்ளி ஒருமுறை சுரண்டத்தான் தாங்கும். கூடுதல் நேரம் முழுவதும் சுரண்டியைப் பட்டைக்கு மேல் பிடித்தபடி, அதைத் தொடவும் மாட்டாமல் கீழே வைக்கவும் மாட்டாமல் நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் கை நடுங்கியது.

முடியப் போகிற நேரத்தில் விளக்கு மறுபடி ஆடியது. எதிர்ப்பக்கத்துப் படிகள். பிறகு விசில்.

செயலாளர் ஓடி வந்தார். பின்னாலேயே, சாம்பல் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி நிதானமாக வந்தார். செயலாளர் பட்டையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ரிப்பனக் கட்டுங்க. அகலமா, பேரு மேல. யாரு படிக்கப் போறா?"

அவள் ரிப்பனை எடுத்தாள். ஒரு முடிச்சும் போட்டாள். முன்பெல்லாம் பிசகினால், மறுவருடம் கோப்பை திரும்பி வரும்; உட்கார்ந்து சரிசெய்யலாம். இது இனி வராது. எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஒருமுறைதான் வென்றவர்களின் கோப்பையில், தோற்றவர்களின் பெயர் காலாகாலத்துக்கும் இருக்கும்.

முடிச்சை அவிழ்த்தாள். "இத இப்படிக் குடுக்க மாட்டேன் சார்."

"அம்மா, மேடம் நிக்கிறாங்க."

"தெரியுது சார்."

மேலே கூட்டம் பொறுமையிழந்து கால்களைத் தட்டத் தொடங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு ஒருவன் நுழைந்தான். ரயில்வே அணித்தலைவன்.

"என்னக்கா, எங்களுக்குக் கோப்பை கிடையாதா?"

அவள் மறைக்கவில்லை, பட்டையை அவன் பக்கம் திருப்பினாள். "தப்பு பண்ணிட்டேன் தம்பி. நீங்க ரெண்டு கோல் பின்னாடி இருந்தப்பவே வெட்டிட்டேன். சுரண்டிட்டு உங்க பேரப் போடுறேன். கொஞ்சம் நேரமாகும்."

அவன் குனிந்து, உதடு அசையப் படித்தான். சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"அப்ப கேட்டிருந்தா நானே அவங்க பேர எழுதியிருப்பேன்க்கா" என்றான். "எங்க ஆளுங்கள்ல ஒருத்தன் பூட்ஸ் கயித்தக்கூட அவுத்துட்டான்." விரலால் அந்தப் பெயரைத் தடவினான். "சுரண்டாதீங்க. மேல ஒரு கோடு போட்டுட்டு, கீழ எங்க பேர வெட்டுங்க."

"அசிங்கமா இருக்குமே!"

"இருக்கட்டும். எங்களத் தோத்தவங்கன்னு முடிவு பண்ணி வெள்ளியிலயே எழுதிட்டாங்கன்னு நாளைக்கு நான் சொன்னா எவன் நம்புவான்? ஆதாரம் வேணும்ல."

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோடு போட்டால், படபடக்காவின் தவறு அவள் கையாலேயே என்றைக்குமாக அங்கே நிற்கும். அதையும் அந்தச் சாம்பல் கோட்டின் கண் முன்னால் செய்ய வேண்டும். ஆனால் கோப்பை அவனுடையது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, அழகாக வெட்டிய பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பல்லில் மணல் கடிபட்டது போலிருந்தது. பிறகு ரயில்வே அணியின் பெயரைத் தொடங்கினாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவன் நகராமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான். கடைசி எழுத்து முடிந்ததும் கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான். செயலாளர் பின்னால் ஓடினார். கூரை இடிந்து விழுவது போல முழங்கியது.

அறையில் இரண்டு பேர் மிச்சம். படபடக்கா உளிகளைத் துணியில் சுருட்டினாள்.

"ரொம்ப லேட்டு" என்றார் மேடம்.

"ஆமா."

"விசிலுக்கு முன்னாடி வெட்டுனது அதவிடத் தப்பு."

"ஆமா மேடம்."

"எங்ககிட்ட வந்தா விசில் ஊதற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காரணும். முடியுமா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அந்த நேரத்தில் தெம்பில்லை. "கை உக்காரும் மேடம். மனசு உக்காராது."

"மனசப் பத்தி நான் கேக்கல" என்றார் மேடம். "திங்கக்கிழமை வாங்க."

வெளியே ரயில்வே ரசிகர்கள் ஒருவரையொருவர் தோளில் தூக்கிக்கொண்டு தெருவை அடைத்திருந்தார்கள். இடித்துப் பிடித்து நடந்தாள். பெரிய கோப்பையின் வெள்ளி எவ்வளவு தடிமன் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்ற கவலை, அவள் பேருந்து நிறுத்தத்தை எட்டுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.