என் சக்களத்தி பதினேழாம் நம்பர்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. மீசை வைத்திருப்பாள், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தின் இடது ஓரத்தில் ஓடுவாள், முதுகில் பதினேழு என்று எழுதியிருக்கும். சிரிக்காதீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் ஆட்டக்காரன் அவன். என் வீட்டுக்காரர் வாயில் என் பெயரைவிட அவன் நம்பர்தான் அதிகம் வரும்.

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவார். பிறந்ததிலிருந்து பந்தை உதைத்தவர் இல்லை. ஒருமுறை தெருவில் உருண்டு வந்ததை உதைக்கப் போய், செருப்புதான் பறந்தது. ஆனாலும் தெரு முழுக்க அவருக்கு 'கோச்' என்றுதான் பெயர். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரைப் புதிதாக வாங்குவது என்று கிளப் முடிவெடுக்கிற நாட்களில் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

"நல்லா விளையாடிட்டிருந்த கோல்கீப்பரை வித்துட்டு இந்தப் பனைமரத்தை வாங்கியிருக்கானுங்க. தலைதான் கம்பத்துல இடிக்குது, கை பந்துல பட மாட்டேங்குது. இவனுங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்று டிவியோடு சண்டை போடுவார். டிவி பாவம், அது என்ன சொல்லும்?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்க் கதவுதான் அவருக்கு மைதானம். காய்கறி உருவத்தில் விற்கிற காந்தப் பொம்மைகளை வாங்கி ஒட்டியிருக்கிறார். கத்தரிக்காய் கோல்கீப்பர். கேரட்டுகள் தடுப்பாட்டக்காரர்கள். இடது ஓரத்தில் தக்காளி; அதுதான் பதினேழு. மேலே இருக்கிற ஃப்ரீசர் கதவு பெஞ்ச். ஆட்டத்தில் சேர்க்காதவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நான் பால் எடுக்கக் கதவைத் திறந்தால்கூட, "மெதுவா, மெதுவா, டிஃபென்ஸ் கலைஞ்சிடப் போகுது" என்பார்.

போன சீசனில் பதினேழுக்கு இடது முழங்காலில் அடிபட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த முழங்காலைப் பற்றித்தான் பேச்சு. "வயசாயிடுச்சு, அவனை உட்கார வெச்சிடணும்" என்று ஊரே சொன்னது. இவர் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். "ஐஸ் வெச்சாலே சரியாயிடும். துணியில சுத்தி வைக்கணும், நேரா வெச்சா தோல் போயிடும். காலை உயரத் தூக்கி வெச்சுக்கணும். இதையெல்லாம் அவனுக்கு யார் எடுத்துச் சொல்றது?" என்று உருகுவார். பெற்றவள்கூட அப்படி உருகியிருக்க மாட்டாள். அதே வீட்டில், துணி வெட்டி வெட்டி வலது மணிக்கட்டு வீங்கிப்போய் நான் ஒரு மாதமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறேன். அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது.

எனக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பிரிவுக்கே மேற்பார்வையாளராகப் போடுவதாகச் சொன்னார். இனிமேல் கத்தரியைத் தொட வேண்டாம். ஆனால் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற யூனிட்டுக்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். மகள் வெளியூரில் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் விடியலிலேயே போய்விட்டால் காலை வேலைகளை இவர்தான் பார்க்க வேண்டும். அதைவிட, இவர் வாயால் "போ, உன்னால முடியும்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தது. பஸ்ஸில் வரும்போதே எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

"ஏங்க, என்னைக் கட்டிங் செக்‌ஷனுக்கு மேற்பார்வையாளராப் போடறாங்களாம்."

ஃப்ரிட்ஜைப் பார்த்தபடியே நின்றிருந்தார். "ம்."

"சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"முழுசா வேணாம், பாதி ஆட்டம் தாங்குவான். இடைவேளைக்கு அப்புறம் இறக்கலாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அவர் குளிக்கப் போனதும் தக்காளியைப் பிடுங்கி ஃப்ரீசர் கதவில் பட்டென்று ஒட்டினேன். 'உட்காருடா அங்கே. நான் எத்தனை வருஷமா உட்கார்ந்திருக்கேன், நீயும் உட்கார்ந்து பார்.'

குளித்துவிட்டு வந்தவர் ஃப்ரிட்ஜ் முன்னால் தலையைத் துவட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். அவரோ, "பார்த்தியா, நினைச்சுக்கிட்டே இருந்ததுல என்னை அறியாமலேயே கை எடுத்து வெச்சிருக்கு. மனசு சொல்லிடுச்சு. அவனை உட்கார வைக்கணும்" என்றார். அடப்பாவி மனுஷா! வீட்டில் இன்னொரு ஜோடி கை இருக்கிறது என்ற நினைப்பே இல்லையே.

மறுநாளே பக்கத்து சலூனில் போய்ப் பிரசங்கம். இதுவரை பதினேழுக்காக உயிரை விட்டவர், திடீரென்று அவனை உட்கார வைக்கச் சொன்னதில் முகச்சவரத்துக்கு வந்தவர்கள் நுரையோடு வாயைப் பிளந்தார்களாம்.

சனிக்கிழமை வரை மூன்று முறை பேச்செடுத்தேன். மூன்று முறையும் புது ஆள் இடது ஓரத்தில் எப்படி ஓடுவான் என்று எனக்கு விளக்கப்பட்டது. சனிக்கிழமை மதியம் மேனேஜரிடம் நானே போய், "சரிங்க சார், போறேன்" என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமாகச் சொல்ல வேண்டியதை அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஆட்டம். கிளப்பும் பதினேழை உட்கார வைத்தது. அவன் இடத்தில் இறங்கிய புதுப் பையன் இரண்டு கோல் போட்டான். ஆட்டம் முடிந்த கையோடு சலூன்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, அண்ணனைக் கிளப்புலேயே கூப்பிட்டு வெச்சுக்கப் போறாங்க பாருங்க! என்ன மூளை!"

இவர் தலைகால் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "தோணிச்சுப்பா. சும்மா ஃப்ரிட்ஜ் முன்னாடி நிக்கும்போது தோணிச்சு."

என் வயிறு எரிந்தது. இந்த முறை பதினேழின் மேல் இல்லை, இவர் மேலேயே.

"தக்காளியை எடுத்து மேல வெச்சது நான்" என்றேன்.

சலூன்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு வினாடி நின்றார். பிறகு, "கடையை அப்படியே திறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்று நழுவினார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டிவியை எப்படிப் பார்ப்பாரோ அப்படி, கண் இமைக்காமல். "நீயா? அவன் ஓட்டம் குறைஞ்சுபோச்சுன்னு நீயும் கவனிச்சியா? இல்ல, அந்த முழங்காலை நினைச்சா?"

இந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேன். வந்தும், அதிலும் அவன்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஓட்டமும் இல்ல, முழங்காலும் இல்ல. பொறாமை. நான் ஒரு விஷயம் சொன்னேன், நீங்க அவனுக்குப் பதில் சொன்னீங்க. என்னை மேற்பார்வையாளராப் போட்டிருக்காங்க. உங்களைக் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சு, இன்னைக்கு நானே சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட எப்பச் சொன்னே?" என்றார். நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "அவனுக்கு எந்த முழங்கால்ல அடி?"

"இடது." யோசிக்கவே இல்லை.

"எனக்கு எந்தக் கையில கட்டு?"

என் முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "இடது?" என்றார் மெல்ல.

வலது கையை எடுத்து முன்னால் நீட்டினேன். கட்டு அழுக்கேறி ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அந்த மனிதர் நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு ஃப்ரிட்ஜுக்குப் போனார். ஃப்ரீசர் கதவை வேகமாக இழுத்த இழுப்பில் தக்காளி தெறித்துக் கீழே விழுந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடியது. அவர் குனியவில்லை. ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேரா வெச்சா தோல் போயிடும்" என்றார்.

"தெரியும். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்றேன். இருந்தாலும் கையைக் கொடுத்தேன்.