கம்ப்யூட்டருக்காகச் சொன்ன பேர்

முட்டிவலிக்காக இன்று காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதும் இடத்தில் புதுக் கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுதிய ஸ்டெல்லா என்ற பெண்ணுக்குப் பின்னால் டாக்டர் நின்றார்.

“இன்னைக்கு இது ஓடலேன்னா நீ நாளையிலருந்து வரவேணாம்மா” என்றார்.

திரையில் சின்னப் பெட்டி ஒன்று திறந்து பேர் கேட்டது. நான் சொல்ல அவள் அடித்தாள். பெட்டி மூடியது. பெரிய திரையில் பேரே இல்லை.

“ஏத்தா, எம் பேரை முழுங்கிருச்சா?” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் எதையோ தட்டிவிட்டு, “பெட்டி மூடுறப்ப உள்ள அடிச்சதும் சேர்ந்து போயிருச்சுக்கா. மூடுறதுக்கு முன்னாடியே பெரிய திரைக்கு எடுத்துக் கொடுக்கணும், அதை விட்டுட்டேன். இப்ப சேர்த்துட்டேன். சீட்டுக்கு வீட்டுக்காரர் பேரும் வேணும், சொல்றீகளா?” என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. “பழனியில இருக்காரே, அவரு பேருதான்.”

“முருகனா? தண்டபாணியா?” என்று தடுமாறினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பழனியப்பன்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பெட்டி மூடியது. பெரிய திரையில் பேர் வந்து நின்றது. “நாளைக்கும் வந்துரும்மா” என்றார் டாக்டர்.

என்னோடு வந்து வெளியே பெஞ்சில் இருந்த இவர் எழுந்து வந்து, “யாரு என்னையக் கூப்பிட்டது?” என்றார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களில் யாராவது இப்படிக் கூப்பிட்டிருந்தால் சொல்லுங்கள், இது எத்தனை நாளைக்கு இருக்கும்?