மூலை வீட்டின் குப்பை முறை

எங்கள் தெருவில் குப்பை முறைக்கென்று ஒரு மரப்பலகை உண்டு. எந்த வீட்டுக் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்கள் பொறுப்பு. காலையில் குப்பை மூட்டைகளின் மேல், காக்கா கிளறாமல் இருக்க, வலை போர்த்தணும், லாரி போனதும் பெருக்கணும். ஞாயிற்றுக்கிழமை பலகை அடுத்த வீட்டுக்குப் போகும். போன வருஷம் தெருத் தலைவி குரிஹாரா, அதாவது நான். மூலை வீட்டுக்கு ஹமசாகி மினோரு குடிவந்தபோது, அவர் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் பலகையை மாட்டினேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு எனக்கு!

மினோருவுக்குத் தசைகள் வலுவிழக்கும் நோய். வலது கை விரல்கள் மட்டும் அசையும். அதைக்கொண்டே மின்சார நாற்காலியை ஓட்டுவார். பதினைந்து வயதில், இனி என்னால் தூக்க முடியாது என்று அம்மா மருத்துவமனையில் சேர்த்தார். இருபத்திரண்டு வருஷம் அங்கேயே. வாரம் இரண்டு குளியல், ஒன்பதுக்கு விளக்கணைப்பு, அவர்கள் கொடுக்கும் நேரத்தில் பசிக்கணும். மனுமேல் மனு எழுதி வெளியே வந்தார். உதவியாளர்கள் மாறி மாறி வருவார்கள். அவர் சொன்னதைச் செய்வார்கள், சொல்லாததைத் தொட மாட்டார்கள். அடுப்பில் மீனைத் திருப்பவும் அவர்தான் சொல்லணும். அம்மாவோ போனில், "தனியா எப்படிடா இருப்பே? வந்துடு" என்று ஒரே புலம்பல்.

ஒருநாள் உதவியாளர் ஷோஹெய்யுடன் என் வாசலுக்கு வந்தார். ஷோஹெய் ஐம்பது வயது வழுக்கைத்தலை.

"குரிஹாராக்கா, பலகை என் வீட்டைத் தாண்டிப் போயிடுச்சே?"

நான் ஷோஹெய்யைப் பார்த்து, "இவருக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?" என்றேன். அந்த மனுஷன் மினோருவைப் பார்த்தார்.

"என்கிட்டயே கேளுங்கக்கா. அங்க இருபத்திரண்டு வருஷம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இங்கயும் வேண்டாம்னா, நான் இந்தத் தெருவுல இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?"

சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? "சரி. காக்கா குப்பையைக் கிளறினா என் வாய் சும்மா இருக்காது, சொல்லிட்டேன்."

"சும்மா இருக்க வேண்டாம்க்கா" என்றார்.

பலகையை அவர் கதவில் மாட்டினேன். திங்கட்கிழமை ஆறரைக்கே குப்பை போடும் இடத்துக்கு வந்துவிட்டார். "அந்த மூலையை இழுங்க ஷோஹெய். கல்லு வைங்க." வலை ஒரு பக்கம் தொளதொளவென்று கிடந்தது. அதற்கும் தெருவே, "அடடா, என்ன அழகா செய்யறீங்க!" என்றது. மினோருவின் முகம் சுருங்கிப்போனது.

வியாழக்கிழமை ஆளைக் காணோம். நான் கதவைத் திறந்தால் காக்காய்க் கூட்டம். மூட்டைகளைக் கிழித்து, என் வாசல்வரை முட்டை ஓடும் மீன் முள்ளும். செருப்பு வழுக்கி, நான் விழாதது புண்ணியம். அக்கம்பக்கத்தினர் அதற்குள் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். அப்போதுதான் மினோரு, தலை கலைந்து, ஷோஹெய்யுடன் வந்தார்.

"மன்னிச்சுடுங்க. தூங்கிட்டேன்."

"பரவாயில்லை, பரவாயில்லை. நீங்க உள்ள போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள் எல்லாரும்.

ஒருவர்கூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனை பேர் நடுவில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார் அந்தப் பிள்ளை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"துடைப்பத்தைக் கீழ போடுங்க எல்லாரும்! ஏய் ஹமசாகி, மணி என்ன? முறை வேணும்னு வாசல்ல வந்து சண்டை போடத் தெரியுது, எழுந்திருக்கத் தெரியாதா? என் வாசலைப் பார், மீன் சந்தையாட்டம்! ஒரு முள்ளு மிச்சம் இருக்கக் கூடாது!"

ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை.

மினோரு தலையைத் தாழ்த்தினார். "தப்பு என்னோடதுதான்க்கா." பிறகு குரலை உயர்த்தி, "ஷோஹெய், அக்கா வாசல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.

ஒரு மணி நேரம் ஆனது. நான் இடுப்பில் கைவைத்து நின்று, விட்டுப்போன முட்டை ஓட்டைக்கூடக் காட்டினேன்.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. முந்தின நாள் செய்த முள்ளங்கிக் குழம்பை எடுத்துக்கொண்டு போனேன். திறந்திருந்த ஜன்னல் வழியாக அவர் ஸ்பீக்கரில் அம்மாவுடன் போன் பேசுவது கேட்டது.

"தெரு நடுவுல செம திட்டும்மா. எல்லாரும் பார்த்தாங்க."

மறுமுனையில் அம்மா அழுவது எனக்கே கேட்டது. "நான் அப்பவே சொன்னேனேடா. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?"

"இல்லம்மா," அவர் சிரித்தார், குரல் கொஞ்சம் உடைந்தது. "நாளைக்கு ஆறரைக்கே வரச் சொன்னாங்க."

அப்படி நான் சொல்லவே இல்லை. குழம்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு நானும் அழுதேன்.